வந்துகொண்டே இருந்த குத்து

திலீபன் விட்ட குத்து என் வீட்டுக்காரன் தாடையை நோக்கிக் கிளம்பியபோது தை பிறந்து பொங்கல் கரும்புச் சக்கைகூடத் தெருவில் காயவில்லை. அது மாசியிலும் வந்துகொண்டிருந்தது, தவக்காலத்திலும் வந்துகொண்டிருந்தது, குருத்தோலை ஞாயிறன்று நாங்கள் ஓலையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனபோதும் வந்துகொண்டிருந்தது, மீன்பிடித் தடைக்காலம் போட்டு விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தபோதும் வந்துகொண்டே இருந்தது. காசிமேட்டு சமூகநலக் கூடத்தின் நடுவில், நாலு பக்கமும் கயிறு கட்டிய மேடையில், நீல பனியன் போட்ட திலீபனின் வலது கையும் சிவப்பு பனியன் போட்ட என் வின்சென்ட்டின் தாடையும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்று எங்கள் ஆட்கள் முதல் வாரத்திலேயே முடிவு கட்டிவிட்டார்கள். குத்து என்றால் போய்ச் சேர நேரம் ஆகும் என்பது வடசென்னையில் எங்கள் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் சின்ன வயதிலேயே தெரிந்த விஷயம்.

அதைத் தெரியவைத்தவன் கஸுவோ. கஸுவோ ஒரு ஜப்பான் பையன், வரைந்த பையன், முதலில் படக்கதைப் புத்தகத்தில் வந்து பிறகு டிவியில் நடமாடியவன். நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் சாயந்திரம் ஆறு மணிக்குத் தமிழில் பேசிக்கொண்டு வருவான். துறைமுகத்து ஐஸ் பேக்டரியில் பாளம் தூக்கித் தூக்கித் தோள் இறுகிப்போய் பாக்ஸிங்குக்கு வந்தவன் என்பதால், ஐஸ் பாளத்தோடே பிறந்து வளர்ந்த எங்கள் ஏரியாவே அவனைத் தத்தெடுத்துக்கொண்டது. அவன் திங்கட்கிழமை கையை ஓங்கினால் சனிக்கிழமைதான் அடி விழும். நடுவில் அவன் அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்து இருமுவாள், செத்துப்போன அப்பா அலைமேல் நின்று தலையாட்டுவார், கால் ஊனமான சிநேகிதன் மழையில் நனைவான், எதிராளியின் கோச் கண்ணை அகல விரித்து "அந்தக் கை! அது சாத்தியமே இல்லை!" என்பான், சோப்பு விளம்பரம் வரும், விளம்பரம் முடிந்து பார்த்தால் கை ஒரு விரல் நகர்ந்திருக்கும்.

எனக்கு அப்போதே எரிச்சல்தான். அடி வாங்கப் போகிறவனுக்கு வீடு வாசல் கிடையாதா? அவனுக்கு இரும ஒரு அம்மா கிடையாதா? அவனுடைய கதையையும் காட்டுவார்கள், காட்டாமல் இல்லை, ஆனால் ஒரே ஒரு நாள், அதுவும் கொஞ்ச நேரம். எதிராளியின் பழைய கதை ஆரம்பித்துவிட்டால் மறுநாள் அவன் தரையில் கிடக்கப் போகிறான் என்று அர்த்தம். இதைச் சொன்னால் கூடப் படித்த பையன்கள் என்னை அடிக்க வருவார்கள். வின்சென்ட் மட்டும்தான் "கரெக்டு பிலோமி" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக அவனைக் கட்டிக்கொண்டேன் என்று சொன்னால் என் மாமியார் நம்பமாட்டாள், ஆனால் பாதி அதுதான் காரணம். (மாமியார் முன்னால் "அவர்" என்பேன், மற்றபடி எனக்கு அவன் அவன்தான்.)

திலீபன் வியாசர்பாடி கிளப்பில் வளர்ந்தவன். அந்தக் கிளப்பில் சுவர் முழுக்கக் கஸுவோ பக்கங்கள்தான் ஒட்டியிருக்கும். அவர்கள் மற்ற கிளப் மாதிரிக் கயிறு தாண்டுவது, மூட்டையைக் குத்துவது எல்லாம் செய்தார்கள், ஆனால் குத்துக்கு முன்னால் ஒரு காரியம் கூடுதலாகச் செய்தார்கள்: இது யாருக்காக என்று மனசுக்குள் சொல்ல வேண்டும். அம்மாவுக்காக, தங்கச்சிக்காக, அடகில் போன தையல் மெஷினுக்காக என்று ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். எத்தனை பேர் சேருகிறார்களோ குத்துக்கு அத்தனை கனம் என்று அந்தப் பிள்ளைகள் மனசார நம்பினார்கள். மற்ற கிளப்காரர்கள் சிரித்தார்கள். நினைத்து முடிப்பதற்குள் அடி வாங்கிப் பல பையன்கள் பல் உடைந்து வந்தார்கள், அப்படியும் அவர்கள் விடவில்லை. அன்றைக்கு மாவட்டப் போட்டியின் கடைசிச் சண்டை, கடைசி ரவுண்டு, மணி அடிக்க இன்னும் ஒரு நொடிதான் பாக்கி. பாயிண்டில் வின்சென்ட் மேலே இருந்தான். அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம், ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்தால் இடது கை தானாக இறங்கிவிடும். அது இறங்கியது. திலீபன் தன் வாழ்க்கையில் தெரிந்த அத்தனை பேரையும் ஒரே குத்தில் ஏற்றி அனுப்பினான். அவ்வளவு பேரை ஏற்றினால் எந்த வண்டிதான் வேகமாக ஓடும்? கயிற்றுக்குள் நேரமே தேங்கிவிட்டது.

முதல் நாள் கொஞ்சம் கத்தினார்கள், மறுநாள் விசாரித்தார்கள், மூன்றாம் நாள் டீக்கடை வந்துவிட்டது. ரவுண்டு முடியாமல் வெளியாள் கயிற்றைத் தாண்டக் கூடாது என்பது விதி, விதியை மீறினால் இரண்டு பேரையும் நீக்கிவிடுவோம் என்று சங்கத்துக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மணிக்காரர் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார், அதிலும் அந்த ஒரு நொடி அப்படியே நின்றது. ரிங்குக்குள் மாட்டிக்கொண்ட மூன்றாவது ஆள் ரெப்ரி கோதண்டம். கை பாதி தூக்கியபடி, வாய் பாதி திறந்தபடி நின்றார். அவர் மகளுக்கு அதே கூடத்தில் வைகாசியில் கல்யாணம் பேசியிருந்தது. மண்டபம் மாற்றினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று அங்கேயே, ரிங்கை ஒட்டி மணவறை போட்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்தபடியே தாலி கட்டினார்கள். அட்சதை போட்டபோது கொஞ்சம் அரிசி கயிற்றைத் தாண்டிப் போய்விட்டது. தாண்டியதும் அதற்கும் வேகம் செத்துப்போய், மஞ்சள் அரிசியாக கோதண்டத்தின் தலைக்கு மேலே மிதந்துகொண்டு நின்றது. பெண்ணுக்கு நல்ல சகுனம் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

அப்புறம் அந்தக் கூடத்தில் நடக்காதது இல்லை. போலியோ சொட்டு மருந்து அங்கேதான் ஊற்றினார்கள். தேர்தல் வந்தபோது வாக்குச்சாவடி அங்கேதான் போட்டார்கள், பூத் ஏஜென்டுகள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே "உங்க ஆளு இன்னைக்கி நவுந்தானா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். சின்னப் பிள்ளைகள் கயிற்றுக்கு வெளியே நின்று ஒரு கண்ணை மூடி விரலை நீட்டி அளந்து, ஒரு சாண் போய் நாலு விரக்கடை ஆனதை எங்கள் தெருவுக்கு வந்து சொல்வார்கள். தடைக்காலத்தில் வேலையில்லாத ஆம்பிளைகள் மொத்தமும் அங்கேயே சீட்டாடினார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது சாயந்திரம் ஆறு மணி. ஆறு அடித்தால் திலீபனின் மனசு பேச ஆரம்பிக்கும், வாய் அசையாது, குரல் மட்டும் கூடம் முழுக்கக் கேட்கும். நேரில் பார்த்தால் "இன்னா நைனா, சாப்டியா" என்கிற பையன், மனசுக்குள் மட்டும் டிவிக் கஸுவோ மாதிரியே பேசினான். "இல்லை! நான் இங்கே வீழ்ந்துவிட முடியாது! அம்மா, உன் கண்ணீர் வீண்போகாது!" அதோடு அவன் அப்பா ஓட்டிய ஆட்டோ வரும், இட்லிக்கடை வரும், மழையில் இடிந்த சுவர் வரும், தங்கச்சியின் கிழிந்த புத்தகப் பை வரும். பெண்கள் முறுக்கும் கையுமாக உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்கள். யார்? எங்கள் தெருப் பெண்கள்! வின்சென்ட் கையால் மீன் வாங்கித் தின்றவர்கள்! ஒருநாள் பார்த்தால் முதல் வரிசையில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பது என் மாமியார் ஜெபமாலை.

"இன்னாத்தே, நீயுமா?" என்றேன்.

"பாவம்டி, அந்தப் புள்ள எவ்ளோ கஷ்டப்பட்டுக்கீது. கேட்டியா, தங்கச்சிக்குப் பை கூட இல்லியாம்."

"அந்தப் பை ஒயுங்கா வந்து வுயறது உம்புள்ள தாடையிலதான். அத்த நெனச்சியா?"

"நெனைக்காம? அவனுக்காவ மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டுதான் வந்தேன். அழறதுக்கும் அதுக்கும் இன்னா கீது?"

அவளோடு என்ன பேசுவது? எனக்கு வயிறு வேறு ஏறிக்கொண்டிருந்தது. அதுதான் விஷயம், அதுதான் எனக்குள்ளே கிடந்து என்னைத் தின்ற விஷயம். சண்டை அன்றைக்குக் காலையில்தான் நான் முழுகாமல் இருப்பது எனக்கே தெரிந்தது. சொல்ல வாயெடுத்தேன், அவன் எடை பார்க்கப் போகிற அவசரத்தில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான், ஜெயித்துவிட்டு வரட்டும், கோப்பையோடு சேர்த்துச் சொல்லுவோம் என்று விட்டுவிட்டேன். இப்போது ஊருக்கே தெரிந்தது, இறால் கம்பெனியில் என்னோடு தோல் உரிக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்தது, புளிப்பு மாங்காய் கொண்டுவந்து கொடுத்தார்கள், வளைகாப்பு போட்டார்கள், அவனுக்கு மட்டும் தெரியாது. கயிற்றருகே போய்க் கத்திப் பார்த்தேன். வார்த்தையும் அரிசி மாதிரித்தான், கயிற்றைத் தாண்டினால் மிதக்கும் போலிருக்கிறது, அவன் முகத்தில் ஒரு அசைவு இல்லை. ஆவணியில் பெண் பிறந்தாள். ஞானஸ்நானத்துக்குச் சாமியார் தகப்பன் பேரைக் கேட்டார், சொன்னேன். தகப்பன் எங்கே என்றார், வேலையாய் இருக்கிறார் என்றேன்.

நாலு விரக்கடை மூன்றாயிற்று. கிறிஸ்துமஸ் குடிலை ரிங்குக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். அப்போதுதான், ஒரு சாயந்திரம், திலீபனின் குரல் நடுவில் நின்றுபோய், அந்த ஆறு மணிக்கு அதுவரை கேட்காத வேறு குரல் ஒன்று கிளம்பியது. எனக்கு அது தெரிந்த குரல்.

"ஐயோ, கை எறங்கிட்சே..." என்றது. கூடமே உச்சுக்கொட்டியது, ஏனென்றால் எதிராளி பேச ஆரம்பித்தால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். நான் குழந்தையை இறுக்கிக்கொண்டு முன்னால் போனேன். குரல் கொஞ்சம் யோசித்தது. பிறகு, "பிலோமி காலைல இன்னாவோ சொல்ல வந்தாளே..." என்றது. அதோடு நின்றுவிட்டது. அவ்வளவுதான். அம்மா இல்லை, அப்பா இல்லை, இடிந்த சுவர் இல்லை.

"ஏம்பா, இவ்ளோதானா இவன் கத?" என்று பின்னால் எவனோ கேட்டான். சீட்டாட்டக்காரர்கள் கையில் இருந்த சீட்டுக்குத் திரும்பினார்கள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், அத்தனை மாதத்தில் முதல்தடவை. திலீபனுக்காக அழுத ஒருத்தியும் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கவில்லை.

மறுநாள் குத்து இரண்டு விரலுக்கு வந்திருந்தது. நான் வின்சென்ட்டின் மூலைக்குப் போனேன். அங்கே ஸ்டூல் போட்டு, தோளில் வெள்ளை டவலோடு, தை மாதம் உட்கார்ந்த அதே இடத்தில் எங்கள் கிளப் ரத்தினம் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மூலையில் இருக்கிற ஆள் டவலை ரிங்குக்குள் போட்டால் எங்கள் பையன் தோற்றான், சண்டையை நிறுத்துங்கள் என்று அர்த்தம். ரெப்ரி உடனே நடுவில் புகுந்து பிரித்துவிட வேண்டும்.

"அண்ணே, டவலப் போடுண்ணே."

"இன்னாம்மா பேசற? பாயிண்ட்ல நம்ம பையன்தான் மேல கீறான். ஒரு செகண்டு. ஒரே ஒரு செகண்டு தாக்குப் புடிச்சான்னா கப்பு நம்மளுது."

"ஒரு வருசமா அதே செகண்டதான் சொல்லிக்கினு கீற."

"அதுக்கின்னா, அதே செகண்டுதானே ஓடிக்கினு கீது? நானா நிறுத்தி வெச்சேன்?"

அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் ஒருத்தர் பேச்சிலும் தப்பில்லை. எல்லோரும் நியாயமாகப் பேசிக்கொண்டிருக்க, அந்தக் கை மட்டும் வந்துகொண்டே இருந்தது. குழந்தையை இடது இடுப்புக்கு மாற்றினேன், அவர் தோளிலிருந்து டவலை உருவினேன், என்னால் முடிந்த மட்டும் ஓங்கி வீசினேன். கயிறு வரைக்கும் நன்றாகப் போயிற்று. கயிற்றைத் தாண்டியதும் டவல் விரிந்து, காற்றில் படுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு பக்கமும் இடி. வியாசர்பாடிக்காரர்கள், அத்தனை பேருக்காக விட்ட குத்தை வீணாக்கப் பார்க்கிறாள் என்றார்கள். எங்கள் தெருக்காரர்கள், ஜெயித்த சண்டையைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள், இவளெல்லாம் ஒரு பாக்ஸர் பெண்டாட்டியா என்றார்கள். மாமியார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோற்றைப் போட்டுத் தட்டை நகர்த்துவாள், குழந்தையிடம் "உங்கம்மாகிட்ட சொல்லு, உப்பு கம்மி" என்பாள். வேலையற்றவர்கள் டவல் முந்துமா குத்து முந்துமா என்று பிரியாணி பந்தயம் கட்டினார்கள். பந்தயம் கட்டிய இரண்டு தரப்பும் ரிங்குக்கு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, ஒருவர் குத்தைப் பார்த்து, ஒருவர் டவலைப் பார்த்து, "வா, வா" என்று கூப்பிட்டார்கள். திலீபன் ஆறு மணிக்குப் பேசுவதை நிறுத்தவில்லை. அவன் கதை இப்போது மூன்றாம் வகுப்பு வாத்தியார் வரைக்கும் வந்துவிட்டது.

நான் தினமும் கம்பெனி விட்டதும் போவேன். குழந்தையைக் கயிற்றருகே தூக்கிப் பிடித்து "தோ பார் அப்பா" என்பேன். அவளுக்கு அப்பா என்றால் அசையாத ஒரு சிவப்பு பனியன். அதைப் பார்த்துக் கையாட்டுவாள், பிறகு தூங்கிவிடுவாள். சில நாள் எனக்கு அவன்மேலேயே கோபம் வரும். கை இறங்காமல் இருந்திருந்தால்? குனிந்தால்தான் என்ன? ஒரு வருஷம் கண்முன்னால் வருகிற கையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறானே, இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று தோன்றும். வெளியேதான் ஒரு வருஷம், உள்ளே இன்னும் அவன் கண் இமைத்து முடிக்கவில்லை என்பது புத்திக்குத் தெரியும். மனசு எங்கே கேட்கிறது?

அடுத்த தடைக்காலம் வந்து, படகெல்லாம் மறுபடி கரையேறி, கூடம் நிரம்பிக் கிடந்த ஒரு காலையில், சொல்லாமல் கொள்ளாமல், அது எல்லாம் ஒரே சமயத்தில் நடந்தது. கல்யாண அரிசி பொலபொலவென்று கோதண்டத்தின் தலையில் கொட்டியது, டவல் தொப்பென்று விழுந்தது, மணி அடித்தது, தாடையில் சத்தம் கேட்டது. எது முன்னால், எது பின்னால் என்று இன்றைக்கு வரைக்கும் காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் அடித்துக்கொள்கிறார்கள், அதை அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும். நான் பார்த்தது வின்சென்ட் விழுந்ததைத்தான். வெட்டிய மரமாகப் போய் மல்லாந்தான். திலீபன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான், அவனைத் தூக்க ஆட்கள் கயிற்றைத் தாண்டிக் குதித்தார்கள்.

நானும் குழந்தையோடு உள்ளே ஏறினேன். முட்டி போட்டு அவன் தலையைத் தூக்கினேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது, கண் திறந்தது, எனக்கு உயிர் வந்தது. சொல்ல எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன், எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. அவன் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் கிடந்த டவலைப் பார்த்தான்.

"எவன்டா டவலப் போட்டது?"

ரத்தினம் அண்ணன் என்னைக் காட்டினார். மாமியார் என்னைக் காட்டினாள். சீட்டாட்டக்காரர்கள், டீக்கடைக்காரர், கோதண்டத்தின் மருமகன், அத்தனை பேரும் என்னைக் காட்டினார்கள்.

"நீயா? நீயாடி?" எழுந்து உட்கார்ந்தான். அவனுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. "பாத்துட்டேன் பிலோமி, அவன் கையப் பாத்துட்டேன், குனிஞ்சிருப்பேன், கப்பு நம்மளுது. உன்னால ஒரு செகண்டு பொறுக்க முடியலியா? ஒரே ஒரு செகண்டு?"

 எனக்கு வாயில் வந்த கெட்ட வார்த்தை ஒன்றிரண்டு அல்ல, அத்தனையையும் முழுங்கினேன். இடுப்பிலிருந்தவளை இறக்கி அவன் மடியில், கிளவுஸ் கழற்றாத அந்த இரண்டு கைக்கும் நடுவில் உட்காரவைத்தேன்.

"இந்தா, நீ சொன்ன ஒரு செகண்டு," என்றேன். "நாலு பல்லு மொளச்சிக்கீது. கடிக்கும், பாத்துப் புடி."